தூய்மையும் மறைவும்: தீவகத்தில் ஆண் பெண் துப்புரவு வழக்கங்கள் – அல்லைப்பிட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

அரசு, போர், நிலவுடைமை, சமயம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு வரலாறு எழுதுவோர், மனிதர் நாள்தோறும் தவறாது செய்யும் கருமங்களைப் பெரும்பாலும் புறக்கணித்தே வந்துள்ளனர். நீராடுதல், கைகால் கழுவுதல், மலசலங் கழித்தல் என்பன அவையிற் பேசத்தகாதன என ஒதுக்கப்பட்டமையே இதற்கு முதற்காரணம் எனலாம். தமிழிலக்கணம் இவற்றுக்கென ‘இடக்கரடக்கல்’ என்றொரு வழக்கினையே வகுத்துள்ளது. கால்கழுவி வருதல் என்பது அதற்குக் காட்டப்படும் பெயர்பெற்ற உதாரணம். யாழ்ப்பாணத்தார் ‘வெளிக்குப் போதல்’ என்பதும் அவ்வகையினதே. சொல்லை மறைத்த சமுதாயம் செயலையும் மறைத்தது. அம்மறைவின் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பகிரப்பட்டதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

துப்புரவு வழக்கங்களில் ஆணும் பெண்ணும் வேறுபடுகின்றனர் என்பது இன்று அளந்தறியப்பட்ட செய்தியாகும். பிரித்தானிய நெடுஞ்சாலைத் தரிப்பிடங்களின் கழிப்பறைகளில் லண்டன் சுகாதார வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பெண்கள் 64 வீதமாகவும் ஆண்கள் 32 வீதமாகவும் காணப்பட்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தினர் 3,749 பேரை அவதானித்து 2013இல் வெளியிட்ட ஆய்விலும், கைகழுவாது வெளியேறிய ஆண்கள் 15 வீதமாகவும் பெண்கள் 7 வீதமாகவும் இருந்தனர். இத்தகைய தரவுகளைக் கொண்டு, பெண் இயல்பாகவே தூய்மை பேணுபவள் என்றும் ஆண் இயல்பாகவே அசட்டையானவன் என்றும் முடிவு கட்டுவோர் உளர். எனினும், இயல்பு என்று கருதப்படுவது பலவிடத்தும் வழக்கமே என்பதை வரலாறு காட்டுகின்றது. எகிப்தில் பெண்கள் நின்றுகொண்டும் ஆண்கள் அமர்ந்தும் சிறுநீர் கழிப்பர் எனக் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வியந்து எழுதினார். அவர் ஊரில் இயல்பாயிருந்தது அயலூரில் தலைகீழாயிருந்தது.

ஆகவே, வேறுபாடு உண்டா என்பதிலும் பார்க்க, அது எவற்றால் ஆக்கப்பட்டது என்பதே வரலாற்று மாணவனுக்குரிய வினாவாகும். நீர் அரிதான ஒரு சிற்றூரிலே இதனை ஆராய்ந்தால் காரணங்கள் தெளிவாகப் புலப்படும். அவ்வகையில் யாழ்ப்பாணத் தீவகத்து அல்லைப்பிட்டி பொருத்தமானதோர் ஊராகும்.

ஊரும் நீரும்

ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத்தீவின் கிழக்கு முனைப்பகுதியில் அல்லைப்பிட்டி அமைந்துள்ளது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகஞ் செல்வோர், மண்டைதீவுச் சந்தியைக் கடந்ததும் எதிர்கொள்ளும் ஊர் இது. இதனையடுத்து மண்கும்பானும் அப்பால் வேலணையும் சாட்டியும் உள்ளன. 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் இங்கு கண்டறிந்த சொங் வமிசக் காலத்துச் சீன மட்பாண்டங்கள் இவ்வூருக்குப் பன்னாட்டு ஆய்வுலகிற் பெயர் தேடிக் கொடுத்தன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னர் கடலோடிகள் இக்கரையை நாடியமைக்கு, மணலைத் தோண்டியதும் நன்னீர் கிடைத்தமையும் ஒரு காரணமாயிருக்கலாம் என ஊகிப்பது தவறாகாது.

தீவகத்தில் ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை பொழிவதே ஆண்டு முழுவதற்குமான நீர். மணலினூடும் சுண்ணக்கல்லினூடும் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மீது மிதந்து ஒரு வில்லைபோலத் தங்குகின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி குறையும் என்பதும் அவ்விதியே. அளவுக்கு மீறி அள்ளிய கிணறு உவராவது இதனாலேயே. அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி ஆகிய ஊர்களின் மணற்பாங்கான நிலம் இந்நீரைத் தேக்கிவைக்க வல்லது. ஆயினும் அங்கும் எல்லாக் கிணறும் நல்லதண்ணீர்க் கிணறு அன்று. ஒரு கிணற்று நீர் குடிக்க ஆகும். மற்றொன்று குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே ஆகும். கோடையில் மணலிலே பூவல் தோண்டி ஊற்றுநீர் சுரக்கும்வரை காத்திருந்து அள்ளும் வழக்கமும் இருந்தது.

இந்நீரை வீட்டுக்குக் கொணர்ந்தவர் யார்? குடத்தை இடுப்பில் ஏந்தி நல்லதண்ணீர்க் கிணற்றுக்கும் வீட்டுக்குமிடையே நடந்தவர்கள் பெண்களும் சிறுமிகளுமே. தோட்டத்துக்குத் துலா மிதித்து இறைத்தல் ஆணின் தொழில்; வீட்டுக்கு நீர் சுமத்தல் பெண்ணின் கடமை. முன்னையது உழைப்பு என மதிக்கப்பட்டது. பின்னையது அவ்வாறு மதிக்கப்படவில்லை. நீர் சுமந்தவளே அதனைச் செலவிடுகையில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. குடும்பத்தார் யாவரும் கைகால் கழுவிய பின்னர் எஞ்சியதே அவளுக்குரியதாயிற்று.

நூல்கள் வகுத்த தூய்மை

வழக்கங்களை நெறிப்படுத்திய நூல்களை நோக்குமிடத்து, அவை ஆணின் உடலையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை என்பது தெளிவாகும். மனுதரும சாத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் மலசலங் கழித்த பின்னர் எவ்வுறுப்புக்கு எத்தனை முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டுமென எண்ணிக்கையோடு கூறுகின்றது. இல்லறத்தானுக்குரிய அவ்வெண்ணிக்கை பிரமசாரிக்கு இருமடங்கும், வானப்பிரத்தனுக்கு மும்மடங்கும், துறவிக்கு நான்மடங்கும் ஆகும். ஆசமனஞ் செய்கையில் ஆடவன் மும்முறை நீர் உட்கொள்ள வேண்டுமெனக் கூறும் அதே நூல், பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் ஒருமுறையே போதும் என்கிறது. உடலின் தேவையன்றிச் சமுதாயப் படிநிலையே இவ்வெண்ணிக்கைகளைத் தீர்மானித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஈழத்துச் சைவ மரபில் இவ்வொழுக்கங்களை எளிய தமிழில் மாணவருக்குக் கற்பித்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆவர். அவரது சைவ வினாவிடையின் இரண்டாம் புத்தகத்திலுள்ள நித்திய கருமவியல், மலசலமோசனம், சௌசம், தந்தசுத்தி, ஸ்நானம் என்பவற்றை வினாவும் விடையுமாக விளக்குகின்றது. தக்க இடம், தக்க திசை, தக்க முறை என எல்லாம் அங்கே ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. பாடசாலைகளில் மனனஞ் செய்யப்பட்ட இந்நூல், துப்புரவைச் சமயக் கடமையாக்கி யாழ்ப்பாணத்துச் சைவரிடையே உறுதிப்படுத்தியது. இதனை நாவலரின் சமூகப் பணிகளுள் ஒன்றாகவே கொள்ளல் வேண்டும். ஆயினும், தக்க இடத்தைத் தேடித் தக்க நேரத்திலே செல்லும் சுதந்திரம் உடையவனுக்கே அவ்விதிகள் முற்றாகப் பொருந்தும். வீட்டு வேலியைத் தாண்டப் பொழுது பார்த்திருந்த பெண்ணுக்கு அவற்றைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது.

பௌத்த மரபிலும் இந்நிலையைக் காணலாம். அநுராதபுரத்து மேற்கு மடாலயங்களிலுள்ள, அழகிய வேலைப்பாடமைந்த சிறுநீர்க் கற்கள் இலங்கையின் பண்டைத் துப்புரவு அமைப்புக்குச் சான்றாகப் போற்றப்படுவன. அவை ஆண் துறவிகளுக்காகச் செதுக்கப்பட்டவை. விநய பிடகத்தின் சுல்லவக்கம் பிக்குகள் மலகூடத்தைப் பயன்படுத்தும் முறையையும் தூய்மையாக வைத்திருக்கும் கடமையையும் விரிவாகக் கூறுகின்றது. பிக்குணிகளுக்கோ அத்தகைய மலகூடத்தையே விலக்கி, மேலே மூடியதும் கீழே திறந்ததுமான இடத்தை மட்டும் அனுமதிக்கின்றது. கருவைச் சிதைத்து மறைத்தற்கு இடமாகும் என்ற ஐயமே இவ்விலக்குக்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஆணுக்கு விதி தூய்மை பற்றியது. பெண்ணுக்கு விதி கண்காணிப்புப் பற்றியது. இவ்வேறுபாடு பின்வந்த காலங்களிலும் தொடர்வதைக் காண்போம்.

கிணற்றடி

யாழ்ப்பாணத்து நீராட்டு வழக்கத்தில் நாளும் பால்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் முழுக்குக்கு ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் உரிய நாள்கள். நல்லெண்ணெய் தேய்த்து, சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்த அரப்பிட்டு முழுகுதல் இருபாலார்க்கும் பொது. பெண்களுக்கு மஞ்சளும் சேரும். ஒரே நாளில் வீட்டார் அனைவரும் தலைமுழுகினால் நீரும் விறகும் போதா என்ற நடைமுறைக் காரணமும் இந்நாட்பிரிவினுள் அடங்கியிருத்தல் கூடும்.

இடமும் அவ்வாறே பிரிந்தது. ஆண், தோட்டக் கிணற்றிலோ துலாவடியிலோ தொட்டியருகிலோ கோவணத்தோடு நின்று பட்டை பட்டையாக நீரை வார்த்துக்கொள்வான். வழியிற் செல்வோர் கண்டால் அது பிழையாகாது. குளித்துக்கொண்டே அயலவனோடு ஊர்க்கதை பேசுவதும் உண்டு. பெண்ணோ நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு, வேலியடைத்த வளவினுள், கிடுகாலோ பனையோலையாலோ மறைத்த கிணற்றடியிற் குளித்தாள். உடுத்த சேலை நனைந்தபடியே உடல் தேய்த்து, நனைந்த சேலையின்மேல் உலர்ந்ததைச் சுற்றி மாற்றிக்கொள்ள வேண்டும். உடலின் மறைவான பாகங்களைச் செவ்வையாகக் கழுவ இம்முறை இடந்தருவதில்லை. தூய்மைக்காகக் குளிக்கச் சென்றவள், மானத்துக்காகத் தூய்மையை விட்டுக்கொடுக்க வேண்டியவளானாள். விநய நூல் பிக்குணிகளுக்கு நீராட்டு ஆடையை விதித்து அதன் நீள அகலத்தையும் வரையறுத்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

வேலி யாழ்ப்பாணப் பண்பாட்டின் அடையாளமாகப் பேசப்படுவது. கிடுகு வேலி காணியின் எல்லையைக் காட்டியது; அதனிலும் முக்கியமாகப் பெண்ணின் நடமாட்டத்தை அயலார் கண்ணினின்று மறைத்தது. நெடுந்தீவில் பனையோலை வேலிக்குப் பதிலாகக் கடற்பாறைக் கற்களை அடுக்கிய மதில்கள் இப்பணியைச் செய்கின்றன. ஆனால் வேலியடைக்கக் காணியும் ஓலையும் கூலியும் வேண்டும். இவை இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு மறைவும் இல்லை. கிணறு இல்லாதவர்களின் நிலை இதனிலும் கொடிது. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள் பிறர் கிணற்றைத் தொடலாகாது என விலக்கப்பட்டனர். உயர்சாதியார் ஒருவர் வந்து அள்ளி வார்க்கும்வரை அப்பெண்கள் குடத்துடன் காத்து நின்றனர். கே. டானியலின் ‘தண்ணீர்’ என்னும் நாவல் இக்கொடுமையையே பொருளாகக் கொண்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதிப் பாகுபாட்டைக் குற்றமாக்கியபோதும், தனியார் வளவுக் கிணறுகள் உடனே திறந்துவிடவில்லை. குடிப்பதற்கே நீர் இரந்து நின்றவளிடம் தூய்மை இல்லை எனக் குறைகூறியதும் அதே சமுதாயமே.

இருளும் வெளியும்

ஒல்லாந்தர் ஆட்சி யாழ்ப்பாணத்துக்கு விட்டுச்சென்ற சொற்களுள் ‘கக்கூசு’ ஒன்று. ஒல்லாந்த மொழியின் ‘கக்ஹொய்ஸ்’ என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது. சொல் வந்த வேகத்தில் பொருள் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் தீவகத்தின் பெரும்பாலான குடும்பங்களுக்கு வடலிக்காணியும் பனங்கூடலும் கடற்கரையுமே கழிப்பிடம். ஆண் எப்பொழுதும் அங்கு செல்லலாம். பெண், விடியுமுன் எழுந்தோ பொழுதுபட்ட பின்னரோ, துணை சேர்த்துக்கொண்டு செல்ல வேண்டும். நிலவு காலம் ஆணுக்கு வசதி, பெண்ணுக்கு இடைஞ்சல். மழைக்காலத்திற் பாம்பும் சேறும் வேறு.

இவ்வழக்கம் பெண்ணின் உடலை வருத்தியது. பகலில் வெளிக்குப் போக நேரிடுமென அஞ்சி நீர் அருந்துவதையும் உணவையும் குறைத்துக்கொள்வதும், உந்துதலை அடக்குவதும் பழக்கமாயின. பெண்ணின் சிறுநீர்வழி ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் நீளமுடையது. ஆணினது அதனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நீளமானது. எனவே கிருமிகள் சிறுநீர்ப்பையை எட்டுவது பெண்ணில் எளிது. சிறுநீரை அடக்குவதும் நீர் குறைவாகக் குடிப்பதும் அவ்வாய்ப்பை மேலும் பெருக்கும். இயற்கை வகுத்த வேறுபாடு சிறிது. அதனை நோயாக்கியது வழக்கம்.

சிறுநீர் கழிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் கருதத்தக்கது. நின்றுகொண்டோ நடந்துகொண்டோ சிறுநீர் கழித்தலாகாது என மனுநூல் ஆடவனுக்கு விதித்தது. வேட்டி உடுத்திய கிராமத்து முதியோர் குந்தியிருந்தே சிறுநீர் கழித்தனர். காற்சட்டையும் ஆங்கிலப் பாடசாலையும் அரச அலுவலகமும் வந்த பின்னரே நிற்றல் ஆணின் வழக்கமாகப் பரவியது. ஹெரோடோட்டஸ் எகிப்திற் கண்ட தலைகீழ் மாற்றம், யாழ்ப்பாணத்தில் ஆடையின் வழியாகச் சில தலைமுறைக்குள் நிகழ்ந்தது எனலாம். ஆணின் வழக்கம் வசதிக்கேற்ப மாறியது. பெண்ணின் வழக்கம் மாறுவதற்கு ஒரு கட்டடமே தேவைப்பட்டது.

துடக்கும் மாற்றும்

ஆண் பெண் துப்புரவு வழக்கங்களுள் முழுமையாக வேறுபட்டது மாதவிலக்குப் பற்றியதாகும். யாழ்ப்பாணத்தார் இதனைத் ‘துடக்கு’ என்பர். துடக்குக்குரிய பெண் வீட்டின் ஒருபுறத்தே ஒதுங்கியிருந்து, கிணற்றைத் தீண்டாது, பிறர் வார்த்த நீரிற் குளித்து, நான்காம் நாள் தலைமுழுகிய பின்னரே அடுக்களைக்குத் திரும்புவாள். பெண் பருவமெய்தியபோது மாமியார் நீர்வார்க்கும் சாமத்தியச் சடங்கும், பிள்ளை பெற்றவளுக்கு இலைகுழை அவித்த வேதுத் தண்ணீர் வார்த்தலும், முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழித்தலும் நீரையே நடுவாகக் கொண்டவை. அதிக நீர் தேவைப்படும் நாள்களில் அவளே கிணற்றைத் தொடக்கூடாதவளானாள் என்பது இவ்வொழுங்கின் முரண்பாடு.

இந்நாள்களிற் பெண்ணின் தூய்மை மற்றொரு பெண்ணின் உழைப்பில் தங்கியிருந்தது. கட்டாடி எனப்பட்ட சலவைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண், அழுக்கான சீலைகளைப் பெற்றுச்சென்று வெளுத்த ‘மாற்று’க் கொடுத்தாள். சாமத்தியத்துக்கும் மகப்பேற்றுக்கும் மரணத்துக்கும் மாற்று இன்றியமையாதது. பிறரைத் தூய்மையாக்கும் இத்தொழிலே அவளைத் தீண்டத்தகாதவளாக்கியது. வெளுத்த துணி சேராத வறிய பெண்கள் பழஞ்சீலையைத் தாமே கழுவி, பிறர் கண்படாத மூலையில் உலர்த்தினர். வெயில் படாது ஈரமாகவே மடித்த துணியில் கிருமி பெருகுமென்பதை இன்று அறிவோம். மறைத்தல் தூய்மைக்கு எதிராய் நின்றதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடையில் விற்கும் சுகாதாரத் துவாய் பரவியபோது கட்டாடிமுறையின் இழிவு அகல ஒரு வழி பிறந்தது. ஆனால் இலங்கை அரசு அதன்மீது விதித்த இறக்குமதி வரிகள் யாவும் சேர்ந்து ஒருகாலத்தில் 100 வீதத்தையும் விஞ்சியிருந்தன. 2018 செப்டெம்பரில் அவற்றுள் ஒன்று நீக்கப்பட்ட பின்னரும் சுமை முற்றாக ஒழியவில்லை. முன்னர் கிணற்றடியில் விலக்கப்பட்டவள் பின்னர் கடைவாசலில் விலைகொடுக்க முடியாது திரும்பினாள்.

சுகாதார அறிவும் மலகூடமும்

நோய்க்கும் துப்புரவுக்குமுள்ள தொடர்பை மேனாட்டு மருத்துவ நோக்கிலே தமிழில் முதலிற் கற்பித்தவர்களுள் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884) முதன்மையானவர். மானிப்பாயிலிருந்து பணியாற்றிய அவரது முயற்சியால் 1850களில் உடற்கூற்றையும் உடற்றொழிலையும் சுகாதாரத்தையும் கூறும் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலனம்’ என்ற தலைப்பில் தமிழுக்கு வந்தது. சுகாதாரத்துக்கு அவர் வழங்கிய சொல் உற்பாலனம். நாவலரின் சௌசமும் கிறீனின் உற்பாலனமும் ஒரே நூற்றாண்டில் ஒரே மண்ணிற் பேசப்பட்டமை கருதத்தக்கது. ஒன்று தீட்டை நோக்கியது. மற்றொன்று நோயை நோக்கியது.

அரசின் பக்கத்திலிருந்து, 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தோட்டப்புறங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. மலகூடம் கட்டுவித்தல், மருத்துவமாதர் வீடுதோறும் செல்லல், குடிநீரைப் பேணல் ஆகியன இப்பிரிவுகளின் வழியாகப் படிப்படியே நாடெங்கும் பரவின. யாழ்ப்பாண நகரில் வாளிக் கக்கூசுகள் இருந்தன. அவற்றை அகற்றும் இழிதொழில் இந்திய வமிசாவளியினரான நகரத் தொழிலாளர்மேற் சுமத்தப்பட்டது. கிராமங்களிற் குழி மலகூடமும், பின்னர் நீர் ஊற்றிக் கழுவும் நீரடைப்பு மலகூடமும் வந்தன.

வளவுக்குள் மலகூடம் வந்தமை பெண்ணுக்கு விடுதலை என்பதில் ஐயமில்லை. இருளுக்குக் காத்திருக்கும் நிலை முடிந்தது. நோயுற்றவளும் கருவுற்றவளும் முதியவளும் ஆறுதலடைந்தனர். ஆனால் புதிய வேலைகளும் உடன்வந்தன. நீரடைப்பு மலகூடத்துக்கு ஒவ்வொரு முறையும் வாளி நீர் வேண்டும். அதனைச் சுமப்பவளும் அவளே. மலகூடத்தைத் தேய்த்துக் கழுவும் கடமையும் கேள்வியின்றி அவளிடமே சேர்ந்தது. மலகூடத்தைத் தூய்மையாக வைத்தலைப் பிக்குவின் கடமையாக்கிய விநய விதியை எண்ணும்போது, அவ்வேலை ஆணுக்கு ஒவ்வாதது என்ற கருத்தும் பிற்கால வழக்கமே என்பது புலனாகும்.

இடப்பெயர்வில் இழந்தது

1990 ஆகஸ்டில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையோடு அல்லைப்பிட்டியினரும் அயலூராரும் தீவகத்தை விட்டு வெளியேறினர். குடாநாட்டிலும் வன்னியிலும் தமிழகத்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் சிதறினர். மீண்டு வந்தோர் 2006இல் மறுபடியும் இடம்பெயர நேர்ந்தது. அவ்வாண்டு மே 13ஆம் நாள் அல்லைப்பிட்டியிலும் தீவகத்தின் வேறு ஊர்களிலுமாகப் பொதுமக்கள் பதின்மூவர் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் மூண்ட சண்டையின்போது மக்கள் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயம் எறிகணைக்கு இலக்காகி மேலும் உயிர்கள் பலியாயின.

உயிரிழப்பின் முன் துப்புரவு சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் பாடசாலைக் கட்டடத்திலும் ஆலய மண்டபத்திலும் தஞ்சம் புகுந்த நாள்களில், பெண்கள் முதலில் இழந்தது வேலியையும் கிணற்றடியையுமே. ஆணுக்கு இடப்பெயர்வு வீட்டை இழத்தல். பெண்ணுக்கு அது மறைவையும் இழத்தல். மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் நியமங்கள், இருபது பேருக்கு ஒரு மலகூடம் என்றும், பெண்களுக்கு மூன்று எனின் ஆண்களுக்கு ஒன்று என்றும் அளவு கூறுகின்றன. சம எண்ணிக்கை சமநீதி ஆகாது என்பதை அந்நியமம் ஏற்றுக்கொண்டது. பெண்ணுக்கு ஆடை களைதற்கு நேரம் வேண்டும். பிள்ளைகளையும் அவளே அழைத்து வருகிறாள். மாதத்திற் சில நாள் கூடுதல் நீரும் இடமும் வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 யூலை 28இல் நீரையும் துப்புரவு வசதியையும் மனித உரிமையாக ஏற்றபோது, நூற்றாண்டுகளாக நாணம் என்ற பெயரில் வாய்மூடியிருந்த தேவை சட்டத்தின் மொழியைப் பெற்றது.

மணலும் குழியும்

மீள்குடியேற்றத்தின் பின்னர் தீவகத்தில் வீடும் மலகூடமும் மீண்டும் எழுந்தன. இங்கேதான் இன்றைய இடர் தோன்றுகின்றது. நன்னீரைத் தேக்கிவைக்கும் அதே மணல், மலகூடக் குழியின் கழிவையும் தடையின்றிக் கீழே விடுகின்றது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது ஐம்பதடி வேண்டுமெனச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவர். காணி துண்டாகிச் சிறுத்த இடங்களில் இவ்விடைவெளி கிட்டுவது அரிது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் மலக்கிருமியும், உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறிய நைத்திரேற்றும் காணப்பட்டுள்ளமை ஆய்வுகளில் வெளிவந்த உண்மை. பெண்ணுக்கு மறைவளித்த குழி, அவள் சுமக்கும் குடத்து நீரை மாசாக்குமாயின், ஒரு துன்பத்தைக் கொடுத்து மற்றொன்றை வாங்கியதாகவே முடியும். கசியாத தொட்டிகளும், பல வீடுகளுக்குப் பொதுவான கழிவகற்றலும், மணல் அகழ்வைத் தடுத்தலும், குழாய்நீரும் இதற்கு வழிகள். இவை ஒரு வீட்டாரால் ஆவன அல்ல. ஊரும் பிரதேச சபையும் அரசும் கூடிச் செய்வன.

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறுமிடத்து, ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே துப்புரவில் உள்ள வேறுபாட்டிற் சிறுபகுதியே உடலால் ஆனது. பெரும்பகுதி நீரை யார் சுமந்தார், கிணற்றை யார் ஆண்டார், வெளிச்சத்தில் யார் நடக்கலாம் என்பவற்றால் ஆனது. தூய்மையைப் பெண்ணின் குணமாகப் புகழ்ந்த சமுதாயம், தூய்மைக்கு வேண்டிய கருவிகளை அவள் கையிற் கொடுக்கவில்லை. பிரித்தானியக் கழிப்பறையில் நீரும் சவர்க்காரமும் மறைவும் இருபாலார்க்கும் சமமாக இருந்தன. அங்கே பெண் கூடுதலாகக் கைகழுவினாள் எனில், தலைமுறை தலைமுறையாக அவள் பெற்ற கண்டிப்பின் விளைவு அது. ஆண் கழுவாது வெளியேறினான் எனில், அவனை எவரும் கேள்வி கேளாமையின் விளைவு அது. ஆகவே, வழக்கத்தை மாற்றும் பணி பெண்ணுக்கு இடமும் நீரும் அளிப்பதோடு நின்றுவிடலாகாது. வாளியையும் விளக்குமாற்றையும் கையிலெடுக்க ஆண்மகனுக்குக் கற்பிக்கும் நாளிலேயே அது நிறைவெய்தும். நாவலர் காலத்துப் பாடசாலை துப்புரவைப் பாடமாக்கியது. இக்காலத்துப் பாடசாலை அப்பாடத்தை இருபாலார்க்கும் உரியதாக்கிக் கற்பிக்குமாயின் இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் வேறாக எழுதப்படும்.